ஆர்னிகா என்னும் மலை மூலிகை: வந்த கதையும் வளர்க்கும் விதமும்
(வானொலியில் விவசாய நேயர்களுக்காக நிகழ்த்திய உரை)



தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருக்கிறார். "ஐயா, எனக்கு ஒன்றரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. கொஞ்சம் சுக்கான் கல் கலந்த மண். கிணற்றுப் பாசனம். ஒருவர் வந்து, ஆர்னிகா என்ற வெளிநாட்டு மூலிகையைப் போடுங்கள், நாற்று நாங்கள் தருகிறோம், பூவை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும் என்கிறார். நாற்றுக்கு முன்பணம் கேட்கிறார். கட்டலாமா, வேண்டாமா?" இதுதான் கடிதம்.

கட்டு என்றோ கட்டாதே என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் கேட்ட பதில் நாலு நாளைக்குத்தான் நிற்கும். ஐந்தாம் நாள் வேறொருவர் வேறொரு செடியோடு வந்து நிற்பார். அதனால் இந்தச் செடியின் கதையை முதலில் சொல்கிறேன். அது எங்கே பிறந்தது, எப்படிப் பேர் வாங்கியது, பிறந்த மண்ணிலேயே ஏன் அருகிப்போனது, அங்கே உள்ள விவசாயிகள் அதை எப்படிப் பயிராக்கினார்கள் என்பதைக் கேளுங்கள். கேட்டு முடித்தால் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பேர் தெரியும், செடி தெரியாது

ஆர்னிகா என்ற பேர் நமக்குப் புதிதல்ல. கடைவீதியில் ஆர்னிகா கூந்தல் தைலம் என்று புட்டி புட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஹோமியோபதி வைத்தியரிடம் போனால், கீழே விழுந்து அடிபட்டதற்கு முதலில் எடுத்துக் கொடுக்கிற சர்க்கரை உருண்டை ஆர்னிகாதான். ஆனால் செடியைப் பார்த்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

இது ஐரோப்பாவின் செடி. ஆல்ப்ஸ் மலை, பிரான்சு நாட்டு வோஸ் மலை, ருமேனியாவின் அபுசேனி மலை, இப்படிப்பட்ட இடங்களில் புல்வெளியோடு புல்வெளியாக முளைக்கிறது. சூரியகாந்திக் குடும்பம். தரையோடு ஒட்டி நாலைந்து இலை விரித்தாற்போலப் படுத்திருக்கும். நடுவிலிருந்து ஒரு தண்டு, ஒரு அடியிலிருந்து இரண்டு அடி வரைக்கும் எழும்பும். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஆரஞ்சு சாயல் அடிக்கிற மஞ்சள் பூ. ஜூன் முதல் ஆகஸ்டு வரை, மலையின் உயரத்துக்குத் தக்கபடி பூக்கும். குளிர்காலத்தில் மேலே உள்ளதெல்லாம் பனியில் பட்டுப்போகும். மண்ணுக்குள் கிழங்கு போன்ற தண்டு உயிரோடு கிடந்து, அடுத்த வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும்.

நம் வரப்பிலே கிடக்கிற வெட்டுக்காயப் பூண்டு, மூக்குத்திப் பூ என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான். அரிவாள் பட்டால் அதன் இலையைக் கசக்கிப் பிழிந்து விடுகிறோம். ஆல்ப்ஸ் மலை இடையர்கள் பாறையில் சறுக்கி விழுந்து ரத்தம் கட்டிக்கொண்டால், ஆர்னிகாப் பூவைச் சாராயத்தில் ஊறப்போட்டு, அதைத் தண்ணீர் கலந்து துணியில் நனைத்துக் கட்டினார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு ஒரு பேர், 'விழுந்தவர் பூண்டு' என்று பொருள்படும். படித்த வைத்தியர்களும் லத்தீனில் 'விழுந்தவர்களின் சர்வரோக நிவாரணி' என்று கிட்டத்தட்ட அதே பேரைத்தான் வைத்தார்கள்.

இன்னொன்று கேளுங்கள். ஜெர்மனியின் மலையோரக் கிராமங்களில் ஜூன் 24, யோவான் திருநாளை ஒட்டி, ஆர்னிகாப் பூங்கொத்தை வயலின் மூலைகளில் நட்டு வைப்பார்கள். விளைந்து நிற்கிற கதிரை ஒரு பூதம் வந்து அறுத்துக்கொண்டு போகாமல் அது காக்கும் என்று நம்பிக்கை. நமக்கு இது புதுசா? கொங்குச் சீமையில் பொங்கலுக்கு முந்தின நாள் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை சேர்த்து வீட்டுக்கும் காட்டுக்கும் காப்புக் கட்டுகிறோமே! அங்கேயும் மஞ்சள் பூ, இங்கேயும் மஞ்சள் பூ. விவசாயி எந்த நாட்டில் இருந்தாலும் விளைந்த பயிரை வீடு சேர்க்கிற கவலை ஒன்றுதான்.

மருந்துக் கடைக்கு வந்த கதை

கிராமத்து மருந்தாக இருந்த ஆர்னிகா நகரத்துக்கு வந்தது காய்ச்சலால். 1753-இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு 'ஆர்னிகா மொன்டானா', அதாவது மலை ஆர்னிகா என்று பேர் சூட்டினார். 1770-களில் வியன்னா நகரத்தில் கொலின் என்ற மருத்துவர் காய்ச்சலுக்கு இதைக் கொடுத்து வந்தார். அந்தக் காலத்தில் முறைக் காய்ச்சலுக்கு மருந்து சிங்கோனா மரப்பட்டை. அது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து கப்பலில் வரவேண்டும். விலையோ யானை விலை. ஊர் மலையிலே கிடைக்கிற பூ அந்த வேலையைச் செய்தால் நல்லதுதானே என்று ஆசைப்பட்டார்கள். ஆசை நிறைவேறவில்லை. 1820-இல் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்து எடுத்ததும், காய்ச்சலுக்கு ஆர்னிகா என்ற பேச்சு அடங்கியது.

ஆனாலும் பேர் போய்விடவில்லை. ஜெர்மன் மகாகவி கதேவுக்கு 1823-இல் நெஞ்சு நோய் கண்டபோது ஆர்னிகா கொடுத்தார்கள். ஹோமியோபதியை ஏற்படுத்திய ஹானிமன் அதைத் தம் மருந்துப் பட்டியலில் முக்கியமான இடத்தில் வைத்தார். அந்த வழியாகத்தான் நம் ஊர் மருந்துப் பெட்டிக்கும் ஆர்னிகா வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஆர்னிகாப் பூவில் ஹெலனாலின் என்ற சத்து இருக்கிறது. வீக்கத்தை அடக்குவது அதுதான். வயிற்றுக்குள் போனால் விஷமாவதும் அதுதான். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், நெஞ்சுத் துடிப்பு கெடும். 1984-இல் ஜெர்மன் அரசின் மூலிகை நிபுணர் குழு, இதை மேலுக்குத் தடவ மட்டுமே அனுமதித்தது. 2007-இல் கை மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் சோதித்துப் பார்த்ததில், ஆர்னிகாக் களிம்பு வழக்கமான வலிக் களிம்பு அளவுக்கு வேலை செய்தது என்று வெளியிட்டார்கள். அதுவும் மேல்பூச்சுதான். ஹோமியோபதி உருண்டையில் மருந்தை மிக மிக நீர்த்துக் கொடுப்பதால் செடியின் சத்து அதில் அளந்து காட்ட முடியாத அளவு குறைவு. அது வேறு விஷயம். யாராவது ஆர்னிகாப் பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னால் குடிக்காதீர்கள். காயம் உடைந்து ரத்தம் வருகிற இடத்திலும் தடவக்கூடாது. சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் வரும்.

உரம் போட்டால் ஓடிப்போகும் செடி

இப்போது நமக்கு வேண்டிய கதைக்கு வருவோம். இத்தனை பேர் வாங்கின செடி பிறந்த ஊரிலேயே ஏன் குறைந்தது? பறித்துப் பறித்தே தீர்த்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைப்போம். அதுவும் உண்டு. 1990-களில் போட்ட கணக்குப்படி ஐரோப்பாவில் ஆண்டுக்குச் சுமார் 50 டன் காய்ந்த பூ வியாபாரமாகிக்கொண்டிருந்தது. ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு ஐந்து ஆறு கிலோ பச்சைப் பூ வேண்டும். எத்தனை லட்சம் பூ என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆனால் பெரிய காரணம் அது இல்லீங்க. பெரிய காரணம் உரம்!

ஆர்னிகா ஏழை மண்ணின் செடி. சத்துக் குறைந்த, புளிப்பான மண்ணில்தான் அது தழைக்கும். அந்த மலைப் புல்வெளிகளில் விவசாயி ஆண்டுக்கு ஒருமுறை, கோடை நடுவிலோ கடைசியிலோ வைக்கோலுக்காகப் புல் அறுப்பான். மற்றபடி மாடு கொஞ்சம் மேயும். உரம் கிடையாது. புல் குட்டையாக இருக்கும். தரையோடு படுத்த ஆர்னிகா இலைக்கு வெயில் கிடைக்கும். அறுப்புக்கு முன்னே பூத்து விதை சிந்திவிடும். இப்படி நூற்றுக்கணக்கான வருஷம் விவசாயியும் செடியும் சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

1913-இல் ஜெர்மனியில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து உரத்துக்கு மூலமாக்குகிற ஆலை தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு உர மூட்டை மலைமேலேயும் ஏறியது. புளிப்பு மண்ணைத் திருத்தச் சுண்ணாம்பும் தூவினார்கள். புல் இடுப்பளவு வளர்ந்தது. ஆண்டுக்கு ஒரு அறுப்பு மூன்று நாலு அறுப்பானது. பால் பெருகியது. விவசாயியைக் குறை சொல்ல முடியுமா? அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே. ஆனால் உயர்ந்த புல்லின் நிழலில் ஆர்னிகா இலை வெளுத்து அழுகியது. பூக்கும் முன்னே அறுத்ததால் விதை விழவில்லை. உரம் போடாத மேட்டு நிலங்களிலோ, லாபம் இல்லை என்று ஆட்கள் பட்டணம் போய்விட்டார்கள். அங்கே அறுக்க ஆளில்லாமல் புதரும் மரமும் மூடியது. அங்கேயும் ஆர்னிகா போயிற்று. அதிகம் கவனித்தாலும் ஆகாது, கைவிட்டாலும் ஆகாது, அப்படிப்பட்ட செடி இது.

நெதர்லாந்தில் ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். ஆர்னிகா தன் மகரந்தத்தால் தானே சரியாகக் காய்க்காது. வேறு செடியின் மகரந்தம் வேண்டும். கூட்டம் சிறுத்துப் போய் நாலைந்து செடி மட்டும் மிஞ்சினால், பூ இருக்கும், நல்ல விதை இருக்காது. வெளியே பார்க்கப் பசுமையாக இருந்துகொண்டே வம்சம் அற்றுப்போகும்.

1992-இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து போட்ட இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆர்னிகாவையும் சேர்த்தார்கள். காட்டில் பறிப்பதை அரசு கட்டுப்படுத்தலாம் என்று ஆனது.

இரண்டு ஊர்ப் பாடம்

சட்டம் மட்டும் செடியைக் காப்பாற்றாது. நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். இதற்கு இரண்டு ஊர்களைச் சொல்கிறேன்.

ஒன்று ருமேனியாவின் கர்தா தெ சுஸ் என்ற மலைக் கிராமம். அங்கே குடியானவர்கள் பச்சைப் பூவைப் பறித்துக் குறைந்த விலைக்கு வியாபாரியிடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2004 முதல் 2007 வரை ஒரு திட்டம் நடந்தது. எந்தப் புல்வெளியில் எவ்வளவு பூ என்று கணக்கெடுத்தார்கள். எவ்வளவு பறிக்கலாம், எவ்வளவு விடவேண்டும் என்று பறிப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பூவை ஊரிலேயே உலர்த்தி விற்க ஏற்பாடு செய்தார்கள். பச்சைப் பூவாகப் போட்டால் ஒரு விலை, பதமாக உலர்த்தினால் வேறு விலை. பூவில் காசு வந்ததும், அந்தப் புல்வெளியை உரம் போடாமல், காடாக விடாமல் வைத்துக்கொள்ள விவசாயிக்கு ஒரு காரணம் கிடைத்தது.

இரண்டாவது, பிரான்சில் வோஸ் மலையின் மார்க்ஸ்டைன் பகுதி. அங்கே 2007-இல் விவசாயிகள், பறிப்பவர்கள், மருந்துக் கம்பெனிகள், இயற்கைப் பூங்கா நிர்வாகம் எல்லோரும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பூ உள்ள மேட்டில் சுண்ணாம்பும் உரமும் போடுவதில்லை, பூ முடிந்த பிறகே புல் அறுப்பது என்று விவசாயிகள் ஒத்துக்கொண்டார்கள்.

பயிராக்கின விதம்

காட்டுப் பூ போதாது, தோட்டத்தில் போடலாம் என்று பல காலம் முயன்று தோற்றார்கள். நல்ல எருப் போட்ட தோட்டத்து மண்ணில் நட்டால் செடி நோய் கண்டு செத்தது. அதனால் கொஞ்ச காலம், வட அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு ஆர்னிகா இனத்தைப் பதிலாகப் போட்டார்கள். அது தோட்டத்துக்குச் சுலபமாகப் பழகியது. பிறகு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் பல இடத்து விதைகளைத் திரட்டி, பொறுக்கிப் பொறுக்கி, மலை ஆர்னிகாவிலேயே 'ஆர்போ' என்ற ரகத்தை உருவாக்கினார்கள். வயலில் தாங்குகிற ரகம் அது. அதற்கு அப்புறம்தான் ஆர்னிகா சாகுபடி என்று ஒன்று நிலைத்தது.

அவர்கள் செய்கிற முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மண் புளிப்பாக இருக்கவேண்டும். மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலை என்று போடுகிறார்களே, அது நாலரை முதல் ஐந்தரை வரை இருந்தால் உத்தமம். சுண்ணாம்பு ஆகவே ஆகாது. தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால்கூட இலை மஞ்சளித்துப் போகும். தண்ணீர் தேங்கக் கூடாது, மண் காயவும் கூடாது.

விதை பழசானால் முளைக்காது; புது விதை வேண்டும். தட்டில் பரப்பி, மண் மூடாமல் இலேசாக அழுத்தி விடுவார்கள். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். 18 முதல் 20 டிகிரி குளுமையில் இரண்டு மூன்று வாரத்தில் முளை வரும். நாற்று தேறியதும் செடிக்குச் செடி ஒரு அடி, வரிசைக்கு வரிசை ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி விட்டு நடுவார்கள். வேரில் கூடி வாழ்கிற ஒருவகை நல்ல பூஞ்சணம் இதற்குத் துணை. அதனால் உரத்தை அள்ளிப் போடுவதில்லை. களையைக் கையால்தான் எடுக்கவேண்டும். இதில்தான் கூலி போகும்.

முதல் வருஷம் இலை மட்டும். பனிக்காலம் ஒன்று கடந்து, அந்தக் குளிர் பட்ட பிறகுதான் இரண்டாம் வருஷம் பூக்கும். இரண்டு மூன்று வருஷம் பூ எடுத்தால் தோட்டம் தளர்ந்துவிடும், புதிதாக நடவேண்டும்.

பூவை வெயில் ஏறி, பனி ஈரம் காய்ந்த பிறகு, மலர்ந்த பதத்தில் பறிக்கவேண்டும். நாள் தாண்டினால் உலரும்போதே பஞ்சாய் வெடித்துவிடும். 40 முதல் 50 டிகிரி சூட்டில் மெல்லிசாகப் பரப்பி உலர்த்துவார்கள். ஒரு சின்ன ஈ பூவின் அடித்தட்டில் முட்டை வைக்கும். அதன் புழு பூவைக் கெடுக்கும். இதனால் பழைய மருந்து நூல்களில், அடித்தட்டை நீக்கி இதழை மட்டும் எடு என்றே எழுதி வைத்தார்கள். இன்றைக்கு ஐரோப்பிய மருந்துத் தர நூல், சத்து நூற்றுக்கு 0.4 பங்காவது இருக்கவேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் சரக்கு மருந்தாகப் போகாது.

நேயருக்குப் பதில்

இப்போது தாராபுரத்து நேயர் தம் நிலத்தைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும். செடி கேட்பது புளிப்பு மண். உங்களிடம் இருப்பது சுக்கான் மண். செடி கேட்பது சுண்ணாம்பு இல்லாத தண்ணீர். உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளை படியுமா படியாதா? செடி கேட்பது மாதக் கணக்கில் பனிக்குளிர். உங்களுக்கு மார்கழிப் பனி தலையில் துண்டு போட்டால் போய்விடும். இதற்கு மேல் என்ன சொல்ல? முன்பணம் கட்டாதீர்கள்.

'நீலகிரியில் வருமே' என்று சிலர் கேட்பீர்கள். அங்கே மண் புளிப்புதான், குளிரும் உண்டு. ஆனால் ஆல்ப்ஸ் போல மாதக் கணக்கில் பனி மூடும் குளிர் இல்லை. அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் போட்டுப் பார்த்துச் சொல்லாதவரை விவசாயி தன் காசில் சோதனை செய்ய வேண்டாம்.

வெளிநாட்டுச் செடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிங்கோனாவைச் சொன்னேனே, அது 1860-இல் நீலகிரிக்கு வந்து வேர் பிடித்தது. ஏன்? பிறந்த ஆண்டிஸ் மலைச்சரிவின் குளுமையும் மழையும் இங்கேயும் அதற்குக் கிடைத்தது. அரபு நாட்டுச் செடியான நிலாவாரை, வியாபாரிகள் அவுரி என்பார்களே, அது திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் வறண்ட காட்டில் குடியேறி, 'திருநெல்வேலி சென்னா' என்று உலகச் சந்தையில் ஊர்ப் பேரையே வாங்கிக்கொடுத்தது. அதுவும் மஞ்சள் பூதான்! வெயில் நாட்டுச் செடி வெயில் காட்டில் நிலைத்தது. மண்ணும் பருவமும் பொருந்தினால் செடி தானே ஒட்டிக்கொள்ளும். பொருந்தாவிட்டால் எவ்வளவு எரு அள்ளிப் போட்டாலும் ஒட்டாது.

ஆகவே எந்த மூலிகையை யார் கொண்டுவந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது பிறந்த மண்ணும் குளிரும் என் காட்டில் இருக்கிறதா? நம் மாவட்டத்தில் இதை வைத்து இரண்டு போகம் எடுத்து, விற்றுக் காசு பார்த்த விவசாயி யார், அவர் தோட்டத்தை நான் பார்க்கலாமா? நீர் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பி வையுங்கள். மூலிகை போட்டே ஆகவேண்டும் என்றால், உங்கள் பக்கத்திலேயே கண்வலிக்கிழங்கு போட்டுப் பழகினவர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் லாபத்தையும் கேளுங்கள், நட்டத்தையும் கேளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மருந்துப் பயிர்களுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துச் சீட்டோடு போய்க் கேட்டால், எது வரும், எது வராது என்று சொல்வார்கள்.

ஆல்ப்ஸ் மலை விவசாயி தன் மஞ்சள் பூவின் அருமையை அது அருகிப்போன பிறகுதான் உணர்ந்தான். நம் வரப்பிலும் ஆவாரை இருக்கிறது, கரிசலாங்கண்ணி இருக்கிறது, வெட்டுக்காயப் பூண்டு இருக்கிறது. களைக்கொல்லி அடிக்கும் முன்னே ஒரு தடவை குனிந்து பாருங்கள். தூர மலைப் பூவுக்கு முன்பணம் கட்டுவது இருக்கட்டும். காலடியில் இருப்பதை முதலில் பத்திரப்படுத்துவோம்.